எழாத முகப்பு விளக்கு: பழைய கார்களின் பாப்-அப் மோட்டாரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வெளிவந்த ஜப்பானியக் கார்களைத் தேடிப்பிடித்து வாங்கிச் சீரமைக்கும் இளைஞர்கள் மலேசியாவின் பினாங்கில் பெருகி வருகிறார்கள். மஸ்டா 323 அஸ்தினா, மூன்றாம் தலைமுறை ஹோண்டா பிரிலூட், நிசான் 180எஸ்எக்ஸ், எப்போதாவது ஒரு மஸ்டா எம்எக்ஸ்-5 என்று பட்டறைக்கு வரும் இந்தக் கார்களின் அழகே பானெட்டோடு பானெட்டாக மறைந்திருந்து, தேவைப்படும்போது எழுந்து நிற்கும் பாப்-அப் விளக்குகள்தாம். அவற்றில் ஒன்று எழ மறுக்கும் நாளில்தான் உரிமையாளருக்குச் சோதனை தொடங்குகிறது. நான் தொழில் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன். ஃபியூஸைப் பார்க்க வேண்டும், ரிலே சத்தமிடுகிறதா என்று கேட்க வேண்டும், பேட்டரி இறங்கியிருக்கக் கூடாது என்பவை எல்லோரும் அறிந்தவை. அவற்றை இங்கே விரித்துச் சொல்லப் போவதில்லை. இரண்டு விளக்குகளும் ஒன்றாக நின்றுபோனால் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச் ஆகிய பொதுப் பாகங்களையும், ஒரு பக்கம் மட்டும் நின்றால் அந்தப் பக்கத்து மோட்டார், இணைப்பு, எர்த் (காரின் உடல் வழியாகப் பேட்டரிக்கு மின்சாரம் திரும்பும் பாதை), தூக்கும் தண்டு ஆகியவற்றையும் சந்தேகிக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்லலாம்.

பெரும்பாலான ஜப்பானியக் கார்களில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு தனி மோட்டார் உண்டு. எம்எக்ஸ்-5 போன்ற கார்களில் அந்த மோட்டார் எப்போதும் ஒரே திசையில்தான் சுற்றும். உள்ளே இருக்கும் பற்சக்கரம் அதன் வேகத்தைக் குறைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கரத்தைச் சுழற்றுகிறது. கரம் அரைச்சுற்றுச் சுற்றினால் தண்டு விளக்கை மேலே தள்ளும். அடுத்த அரைச்சுற்றில் கீழே இறக்கும். எங்கே நிற்க வேண்டும் என்பதை மோட்டாருக்குள் பற்சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு மெல்லிய உலோகத் தகடும், அதன்மேல் உரசிக்கொண்டிருக்கும் தொடுமுனைகளும் தீர்மானிக்கின்றன. தகட்டில் வெட்டு விடப்பட்டிருக்கும் இடத்துக்குத் தொடுமுனை வந்ததும் மின்சாரம் துண்டிக்கப்படும். இந்த அமைப்பு மனத்தில் பதிந்தால், கீழே சொல்லப்படும் ஒவ்வொன்றும் ஏன் தவறு என்பது தானே புரியும்.

மூடியைப் பிடித்து இழுப்பது

விளக்கு பாதியில் நின்றுவிட்டால் முதலில் பாய்வது கை. விரல் நுழைகிற இடைவெளியில் பிடித்து மேலே இழுக்கிறார்கள், அல்லது மேலே நிற்பதை உள்ளங்கையால் அழுத்தி மூடப் பார்க்கிறார்கள். மோட்டாரின் பக்கமிருந்து விசை வந்தால் மட்டுமே இந்தப் பற்சக்கர அமைப்பு நகரும். விளக்கின் பக்கமிருந்து தள்ளினால் அது பூட்டிக்கொண்டு நிற்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. கார் வேகமாக ஓடும்போது காற்று விளக்கைக் கீழே அழுத்தாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. அதை மீறிக் கையால் தள்ளும்போது வளைவது தண்டு, உடைவது பற்கள். மோட்டாரின் உச்சியில் ரப்பர் மூடிக்குக் கீழே ஒரு திருகுப்பிடி இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, அதில் காட்டியிருக்கும் அம்பின் திசையில் பொறுமையாகச் சுற்றினால் விளக்கு முழுதாக மேலே வரும். இரவில் பாலத்தைக் கடந்து வீடு சேர வேண்டிய நிலையில் நம்பத்தக்க வழி அதுதான். விளக்கை மேலேயே நிறுத்திவிட்டு மறுநாள் பகலில் பழுதைத் தேடலாம்.

அளக்காமல் மோட்டார் வாங்குவது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னைச் சினம்கொள்ள வைப்பது இந்தத் தவறுதான். விளக்கு எழவில்லை, ஆகவே மோட்டார் போய்விட்டது, ஆகவே பழைய கார்களிலிருந்து கழற்றிய பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடைக்குப் போய் இன்னொன்று வாங்க வேண்டும் என்ற மூன்று படிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. நடுவில் அளவீடு என்ற ஒன்று வருவதே இல்லை. வந்தாலும் அது பெரும்பாலும் தவறான அளவீடாக இருக்கிறது.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி தன் அஸ்தினாவை என்னிடம் கொண்டுவந்தார். இடப்பக்க விளக்கு தயங்கித் தயங்கி எழுந்து பாதியில் நிற்கும். மழை நாளில் அசையவே அசையாது. அதற்கு முன் அவர் ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். அங்கே ஃபோர்மேன் மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்து, “பன்னிரண்டு வோல்ட் சரியாக வருகிறது, மோட்டார்தான் செத்துவிட்டது” என்று சொல்லியிருக்கிறார். தம்பி ஹாஃப்-கட் கடையில் மோட்டார் வாங்கி மாட்டியதும் விளக்கு எழுந்திருக்கிறது. சில வாரங்களில் அதே தயக்கம் திரும்பியது. விற்றவர் கெட்டுப்போன மோட்டாரைத் தந்துவிட்டார் என்று நினைத்து வேறொரு கடையில் இன்னொன்று வாங்கினார். அதுவும் சில நாள் ஓடி நின்றது. பிறகு ரிலே மாறியது. கடைசியில் ஒருவர் முன்பக்க வயரிங் முழுவதையும் மாற்றச் சொல்லி ஒரு பெரிய தொகையைக் கேட்டபோதுதான் அவர் என்னிடம் வந்தார். “அண்ணே, ஏற்கெனவே சில நூறு வெள்ளி (ரிங்கிட்) போய்விட்டது, இனிமேல் செலவழிக்க என்னிடம் இல்லை” என்றார்.

பேட்டரியின் எதிர்முனையிலிருந்து ஒரு நீளமான கம்பியை இழுத்து அந்த மோட்டாரின் எர்த் முனையில் தொட்டுப் பிடித்துக்கொண்டு, சுவிட்சை அழுத்தச் சொன்னேன். விளக்கு ஒரே மூச்சில் எழுந்து நின்றது. மோட்டாரின் எர்த் கம்பி காரின் உடலோடு திருகப்பட்டிருக்கும் இடத்தைத் தேடிக் கழற்றிப் பார்த்தபோது காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. முன்பு எப்போதோ காருக்குப் புதுச் சாயம் அடித்தவர்கள் அந்த இடத்தையும் சேர்த்து அடித்துவிட்டு, சாயத்தின் மேலேயே வளையத்தை வைத்துத் திருகியிருக்கிறார்கள். திருகின் மரை மட்டுமே மின்சாரத்துக்குப் பாதையாக இருந்தது. கடற்காற்று படும் ஊரில் அந்த மரையும் துருப்பிடித்துப் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி கட்டியிருந்தது. உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, புது வளையம் பிடித்துத் திருகியதும் அந்தக் காரின் நோய் தீர்ந்தது. அந்த வளையத்தின் விலை சில காசுகள். அவர் முதலில் கழற்றிப்போட்ட பழைய மோட்டார் நல்ல நிலையில்தான் இருந்தது; அதையே திரும்ப மாட்டி அனுப்பினேன்.

பன்னிரண்டு வோல்ட் வருகிறது என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை; அவருடைய மீட்டர்தான் அவரை ஏமாற்றியது. மேல்மாடி வீட்டில் துரு அடைத்த குழாயின் வாயை மூடி வைத்து அழுத்தத்தை அளந்தால் முழு அழுத்தம் காட்டும். திறந்தால் சொட்டுத்தான் வரும். மின்சாரத்திலும் அதுவே நடக்கிறது. மல்ட்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது என்பதால், மோசமான இணைப்பின் வழியாகவும் அது முழு வோல்ட்டைக் காட்டிவிடும். ஆனால் மோட்டார் அசையத் தொடங்கும் நொடியில் பல ஆம்பியர் கேட்கிறது. அந்த நொடியில் மோட்டாரின் மின்தடை 1 ஓம், துருப்பிடித்த எர்த்தின் மின்தடை இன்னொரு 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு வோல்ட்டில் பாதி, அதாவது 6 வோல்ட், அந்தத் திருகிலேயே வீணாகிவிடும். மோட்டாருக்குக் கிடைப்பது மீதிப் பாதிதான். அதன் இழுவையும் பாதியாகிவிடும். விளக்கு தயங்கி நிற்பதற்கு இதற்கு மேல் வேறு காரணம் வேண்டியதில்லை.

புது மோட்டார் சில நாள் ஓடியதற்கும் காரணம் இதற்குள்ளேயே இருக்கிறது. இணைப்பைக் கழற்றி மாட்டும்போது முனைகள் ஒன்றோடொன்று உரசிச் சற்றுச் சுத்தமாகின்றன. பக்கத்தில் கை போகும்போது எர்த் கம்பியும் அசைந்து, துருவை மீறி ஒரு புதுத் தொடுகை ஏற்படுகிறது. அதனால் கிடைக்கும் தற்காலிக நலத்தை மோட்டாரின் கணக்கில் எழுதிவிடுகிறோம். தவறான முடிவு சரியாகிவிட்டதைப் போலத் தோற்றம் தருவதால்தான் இந்தத் தவறு இவ்வளவு செலவு வைக்கிறது. நீங்கள் வாங்கும் மோட்டாரின் வயதையும் எண்ணிப் பாருங்கள். பாப்-அப் விளக்கு கொண்ட அஸ்தினாவின் உற்பத்தி 1994-இலும், அத்தகைய விளக்கு கொண்ட முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 உற்பத்தி 1997-இலும் நின்றுவிட்டன. உலகத்தில் பெருமளவில் தயாரிக்கப்பட்ட கார்களில் பாப்-அப் விளக்கோடு கடைசியாக வந்தவை 2004-ஆம் ஆண்டின் கொர்வெட் சி5-உம் லோட்டஸ் எஸ்ப்ரிட்டும்தான். ஆகவே ஹாஃப்-கட் கடையின் அலமாரியில் இருப்பதும் உங்கள் காரில் இருப்பதும் ஏறக்குறைய ஒரே வயது. நல்லதைக் கழற்றிவிட்டு, அதைவிடத் தேய்ந்த ஒன்றைக் காசு கொடுத்து மாட்டுவதற்கு வாய்ப்பு மிக அதிகம்.

எனவே மோட்டாரைக் குற்றம் சொல்வதற்கு முன், அது வேலை செய்யும்போது அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மற்றதை மோட்டார் இணைப்பின் பின்பக்கம் வழியாக அதன் எர்த் கம்பியிலும் வைத்துக்கொண்டு, உதவியாளரைச் சுவிட்சை அழுத்தச் சொல்லுங்கள். மோட்டார் இழுக்கும் அந்தக் கணத்தில் மீட்டர் காட்டும் எண்தான் எர்த் பாதையில் வீணாகும் வோல்ட். அது 0.2-க்குள் இருந்தால் நல்லது, 0.5-ஐத் தாண்டினால் அந்தப் பாதையைச் சரிசெய்யாமல் வேறு எதையும் தொட வேண்டாம். பிறகு இதே அளவை நேர்முனைப் பக்கத்திலும், பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு வரும் கம்பிவரை எடுக்க வேண்டும். அங்கே ரிலேயின் கருகிய முனைகளும் ஃபியூஸ் பெட்டியின் தளர்ந்த கவ்விகளும் பிடிபடும். அசைவு ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும் என்பதால், அதிகபட்ச அளவைப் பிடித்து வைக்கும் மீட்டராக இருந்தால் வசதி. மீட்டரே இல்லாதவர்கள் ஒரு 55 வாட் முகப்பு விளக்கு பல்பை மோட்டாருக்குப் பதிலாக அதே இணைப்பில் மாட்டிப் பார்க்கலாம். அது ஏறத்தாழ நாலரை ஆம்பியர் இழுக்கும். பல்பு பளிச்சென்று எரிந்தால் பாதை நல்லது. மங்கினால் குற்றவாளி கம்பியில்தான் இருக்கிறது. இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறிய பிறகும் விளக்கு அசையவில்லை என்றால் மட்டுமே மோட்டாரைக் கழற்றுங்கள்.

பேட்டரியை இணைத்தபடி கையை உள்ளே விடுவது

எதிர்முனையைக் கழற்றாமல் மோட்டார் சுழற்றும் கரத்தின் அருகே விரலைக் கொண்டுபோகக் கூடாது.

பெரிய ஃபியூஸ் போடுவது

கூடாது. கம்பி எரியும்.

குறி வைக்காமல் கரத்தைக் கழற்றுவது

மோட்டாரை எடுப்பதற்கு முன் கரமும் அதன் அச்சும் எந்த நிலையில் சேர்ந்திருக்கின்றன என்பதை வெள்ளைப் பேனாவால் கோடிட்டுக்கொள்ள வேண்டும். கரத்தை இடம் மாற்றி மாட்டினால், மோட்டார் மேலே என்று நினைக்கும் இடத்தில் விளக்கு கீழே இருக்கும். சற்றே விலகியிருந்தால் தண்டு எல்லை தாண்டித் தள்ளி மூடியின் ஓரத்துச் சாயத்தை உரிக்கும். நட்டை இறுக்கும்போது கரத்தை ஒரு கருவியால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் முறுக்கினால் அந்த விசை முழுவதும் உள்ளே இருக்கும் பற்களுக்குத்தான் போகும்.

உள்ளே கண்டதையும் தெளிப்பது

துரு நீக்கும் தெளிப்பானை மோட்டாருக்குள் அடித்தால் சிறிது நேரம் சுறுசுறுப்பாக ஓடும். பற்சக்கரத்தில் இருந்த பழைய கிரீஸ் கரைந்து தொடுமுனைத் தகட்டின்மேல் வழியும் என்பது பிறகுதான் தெரியவரும். விளக்கு மேலே நிற்காமல் கண் சிமிட்டுவது போல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றால், அந்தத் தகட்டில் அழுக்கு சேர்ந்திருக்கிறது அல்லது தொடுமுனை வளைந்திருக்கிறது என்று பொருள். அப்போதும் உப்புத்தாளால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். தகடு மெல்லியது, தேய்ந்தால் மாற்று கிடைப்பது கடினம். மின் இணைப்புகளுக்கான துப்புரவுத் திரவத்தைத் துணியில் நனைத்துத் துடைத்து, தொடுமுனைகளை மிக இலேசாக நிமிர்த்தினால் போதும். பற்சக்கரத்துக்கு, காய்ந்து மெழுகாகிப்போன கிரீஸை முழுவதும் எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கைப் பாதிக்காத புது கிரீஸை அளவாகப் பூச வேண்டும்.

தண்டின் புஷ்ஷை மறப்பது

விளக்கு எழுந்தபின் குண்டும் குழியுமான சாலையில் ஒளி ஆடினால் மோட்டாரில் குறை இல்லை. தண்டின் இரு முனைகளிலும் இருக்கும் பிளாஸ்டிக் புஷ்கள் தேய்ந்திருக்கும். அவற்றை மாற்றுங்கள்.

எழுந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது

தண்டையோ புஷ்ஷையோ தொட்டிருந்தால் ஒளி விழும் உயரம் மாறியிருக்கும். சமதளத்தில் காரை நிறுத்தி, சுவரில் இரண்டு பக்கத்து ஒளியையும் ஒப்பிட்டு, எதிரே வருபவரின் கண்ணில் அடிக்காதபடி திருத்த வேண்டும். புஸ்பாகோம் வாகனத் தகுதிச் சோதனைக்குப் போகும் கார் என்றால் இதைத் தவறவிடவே கூடாது. சுத்தம் செய்த எர்த் முனையின்மேல் வாசலின் பூசி, மோட்டாரின் உச்சியில் இருக்கும் ரப்பர் மூடி கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்; தண்ணீர் உள்ளே போகும் வழி பெரும்பாலும் அதுதான். இவ்வளவும் செய்தபின் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில், இன்ஜினை இயக்காமல், இரண்டு விளக்குகளையும் ஒன்றாக ஏற்றிப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடப் பின்தங்கினால் அந்தப் பக்கத்தின் எர்த்தை மறுபடியும் அளக்க வேண்டும்.