பழைய சுங்குடியில் ஒரு போர்வை: கையாலேயே தைப்பது எப்படி?

எனக்கு 72 வயது. 14 வயதில் அம்மா ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அன்றிலிருந்து எதையாவது தைக்காத வாரமே கிடையாது. இப்போது மெஷின் மிதிக்க முழங்கால் விடுவதில்லை, அதனால் எல்லாம் கைத்தையல்தான். போன மாசம் அம்மா கட்டிய சுங்குடிப் புடவை ஒன்றைப் போர்வையாக்கி முடித்தேன். பழம்புடவைகளை அடுக்கி, ஊசியை மேலும் கீழுமாக நேராக ஓட்டிப் போகும் ஓட்டுத் தையல் போட்டுப் போர்வையாக்குவது ஊருக்கு ஊர் உண்டு. வங்காளத்தில் அது காந்தா, பீகாரில் சுஜனி, மகாராஷ்டிராவில் கோதடி.

புடவையைத் துவைத்து, கஞ்சி முழுக்கப் போன பிறகு எடுங்கள். கஞ்சி இருந்தால் ஊசி இறங்காது. ஐந்தரை மீட்டர் புடவையை நீளவாக்கில் மூன்றாக, விசிறி மடிப்பாக மடித்தால் சுமார் ஆறடிக்கு மூன்றே முக்கால் அடி வரும். இரண்டு பக்கமும் கரை என்பதால் பிரியாது. வெட்டிய முனைகளை மட்டும் உள்ளே மடித்துவிடுங்கள்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை. முதல் போர்வையை ஓர் ஓரத்தில் தொடங்கித் தைத்துக்கொண்டே போனேன். எதிர் ஓரத்துக்கு வந்தபோது மேல்துணி மூன்று அங்குலம் தள்ளிப்போய்ச் சுருக்கம் சுருக்கமாக நின்றது. அத்தனையும் பிரித்தேன், பத்து நாள் உழைப்பு! துணி எப்போதும் ஊசி போகும் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். அதனால் நடுவிலிருந்து வெளியே போக வேண்டும்.

தரையில் குனிய முடியாதவர்களுக்குச் சாப்பாட்டு மேஜை போதும். துணியின் நடுப்பகுதியை மேஜையில் விரித்து, உள்ளங்கையால் வெளிப்பக்கமாக நீவி, ஒரு சாணுக்கு ஓர் ஊக்கு குத்துங்கள். நடு முடிந்ததும் துணியை நகர்த்தி அடுத்த பகுதி. தொங்கும் துணியின் கனம் அடுக்குகளை இழுக்கும், பக்கத்தில் நாற்காலி போட்டு அதன்மேல் வையுங்கள். 50 ஊக்காவது வேண்டும். இதற்கு ஒரு முழு மத்தியானம் ஆனாலும் அவசரப்படாதீர்கள்.

நூலுக்கு வருவோம். பாலியஸ்டர் நூல் வேண்டவே வேண்டாம், நைந்த பருத்தியை அது அறுத்துவிடும். எம்ப்ராய்டரி நூலின் ஆறு இழையில் இரண்டைப் பிரித்து எடுப்பதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு முழத்துக்கு மேல் வெட்டாதீர்கள், சிக்கு விழும்.

கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் நூல் கோப்பது சிரமமாகிவிட்டது. காலை வெளிச்சத்தில் பத்து ஊசியில் கோத்துக் குத்தி வைத்துக்கொள்கிறேன். நூல் முனையைச் சாய்வாக வெட்டி, பின்னால் வெள்ளைத் தாள் பிடித்தால் ஊசிக்கண் தெளிவாகத் தெரியும். நடுவிரலுக்கு அங்குஸ்தான், அதாவது ஊசி குத்தாமல் இருக்க விரல் நுனியில் மாட்டும் குப்பி, கட்டாயம்.

முதல் வரிசை நீளவாக்கில், சரியாக நடுவில். அடுத்தது அதற்கு இரண்டு அங்குலம் இடப்பக்கம், அப்புறம் வலப்பக்கம், இப்படி மாறி மாறி. தையல் கால் அங்குலம். முடிச்சை மெதுவாகச் சுண்டினால் அடுக்குக்குள் போய் மறைந்துகொள்ளும். மொத்தம் 22 வரிசை வரும். நாளுக்கு ஒன்று போதும், விரல் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கடைசியில் நான்கு ஓரமும் எம்மிங், அதாவது ஓரத்தை மடித்துத் தைப்பது.

பின்சேர்க்கை: படித்துவிட்டுச் செய்து பார்த்த ஒருவருக்குச் சிவப்புச் சாயம் மற்ற துணியில் ஏறிவிட்டதாம். நான் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். தைக்கும் முன் ஈர வெள்ளைத் துணியால் புடவையின் மூலையைத் தேய்த்துப் பாருங்கள், ஒட்டினால் அந்தப் புடவை வேண்டாம். பருத்திதானா என்று சந்தேகமாக இருந்தால் ஓர் இழையை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும்.