37 நிமிஷம் எந்திரிக்காதீங்க: ஒன் கட் ஆஃப் தி டெட் பாக்குறது எப்படி

ஜப்பான் படம், டைரக்டர் ஷினிச்சிரோ உவேடா. ஒரு நடிப்புப் பயிற்சி ஸ்கூலோட வொர்க்‌ஷாப்புக்கு வந்த, யாருக்கும் முகம் தெரியாத ஆளுங்கள வச்சு எட்டே நாள்ல ஷூட் பண்ணது, செலவு சுமார் 30 லட்சம் யென், அப்போதைய ரேட்டுக்கு நம்ம காசுல 18 லட்சம் பக்கம் வரும். 2018 ஜூன்ல டோக்கியோல ரெண்டே ரெண்டு சின்ன தியேட்டர்ல ஓட ஆரம்பிச்சு, பாத்தவன் இன்னொருத்தன இழுத்துட்டு வந்து, கடைசில 300 கோடி யென்னுக்கு மேல அள்ளுச்சு. இவ்ளோ தெரிஞ்சா போதும், ட்ரெய்லர் வேண்டாம், விக்கிபீடியா வேண்டவே வேண்டாம், ரிவ்யூ வீடியோ தம்ப்நெயில் வந்தா கூட கண்ண மூடிட்டு தள்ளி விட்ருங்க.

2022ல பிரெஞ்சுல ஒரு ரீமேக் வந்துச்சு, கேன்ஸ்ல ஓப்பனிங் படமாவே போட்டாங்க. தேடும்போது அது மாட்டுச்சுன்னா அப்புறமா பாத்துக்கலாம், முதல்ல ஒரிஜினல். டப்பிங்கும் வேண்டாம், ஜப்பானிய ஆடியோ சப்டைட்டிலோட போடுங்க, ஏன்னா ஆளுங்க திக்கித் திணறி பேசுறதுல பாதி சிரிப்பு இருக்கு.

இப்ப மெயின் மேட்டர். முதல் 37 நிமிஷம் ஒரே ஷாட், எங்கயும் கட் கிடையாது, பாழடைஞ்ச ஒரு தண்ணி சுத்திகரிப்பு ஆலைக்குள்ள ஜாம்பி படம் எடுக்குற டீம் மேல நிஜ ஜாம்பியே பாயுது. மொக்கையா இருக்கும். நிஜமாவே மொக்கையா இருக்கும், "என்னடா இத போய் தலைல தூக்கி வச்சு ஆடுனான்"னு என்னத் திட்டத் தோணும், திட்டிக்கோங்க, ஆனா ஆஃப் பண்ணாதீங்க. அதுக்கு பதிலா எங்கெங்க உறுத்துதோ அத மனசுல குறிச்சு வைங்க. உதாரணத்துக்கு, வெளிய என்னமோ நடக்குதுன்னு பயந்து போய் நிக்க வேண்டிய நேரத்துல மூணு பேரு உக்காந்து "அப்புறம், உங்க ஹாபி என்ன?"ன்னு கேட்டுட்டு இருப்பாங்க, மேக்கப் போடுற அம்மா தற்காப்புக் கலைன்னு சொல்லி "போம்!"னு கத்தி கைய உதறிக் காட்டும், அதுக்கப்புறம் ஒரு மௌனம், யாருக்கும் அடுத்து என்ன பேசுறதுன்னே தெரியாத மாதிரி. இன்னொரு இடத்துல கேமரா தரையில விழுந்து ரொம்ப நேரம் அப்டியே கெடக்கும். லென்ஸ்ல ரத்தம் தெறிச்சா யாரோ தொடச்சு விடுவாங்க. டைரக்டரா வர்றவரு நேரா கேமராவப் பாத்து கத்துவாரு. எல்லாத்துக்கும் பில்லு பின்னாடி வரும்.

37வது நிமிஷத்துல பேரெல்லாம் ஓடும். படம் முடியல. ரூம்ல எவனாவது ஒருத்தன் அப்பதான் ரிமோட்ட எடுப்பான், அத முன்னாடியே பிடுங்கி வச்சிருங்க.

அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் ஸ்லோ, வீடு, பொண்டாட்டி, பொண்ணு, "சீக்கிரம், சீப்பு, குவாலிட்டி சுமார்"னு தன்னப் பத்தி தானே சொல்லிக்கிற ஒரு டைரக்டர். இங்க 1.5 ஸ்பீடுல போடுறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேண்டாம், இந்த ஆளுங்கள யார் யாருன்னு தெரிஞ்சுக்கலைனா கடைசி அரை மணி நேரம் சும்மா கலாட்டாவா மட்டும்தான் தெரியும். தெரிஞ்சு பாத்தா வயிறு வலிக்கும்.

ஏன் இவ்ளோ புடிக்குதுன்னா, காசு இருக்குற படத்துல ஒண்ணு சொதப்புனா கம்ப்யூட்டர்ல சரி பண்ணிருவாங்க, நமக்கு எதுவும் தெரியாது. இங்க அதுக்கெல்லாம் வழியே இல்ல, சொதப்புனா யாராவது ஒரு மனுஷன் மூச்சு வாங்க ஓடித்தான் சரி பண்ணணும், அந்த ஓட்டம்தான் காமெடி. இதே 18 லட்சத்துக்கு பதிலா 18 கோடி குடுத்திருந்தா இந்தப் படமே இல்ல. (ஒரே ஷாட்டுக்காக எல்லாரும் பேசுற படம், ஜப்பான் அகாடமி விருதுல ஜெயிச்சது எடிட்டிங்குக்கு. செம காமெடி.)

தனியா பாக்காதீங்க, நாலஞ்சு பேரோட பாருங்க. ஏற்கனவே பாத்தவரு கூட இருந்தா அவருக்கு ஒரே வேலை, மூஞ்ச இறுக்கமா வச்சுக்கணும், "இனிமேதான் இருக்கு"ன்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ சொல்றத விட பெரிய ஸ்பாய்லர் எதுவும் இல்ல. கடைசில பேரு ஓடும்போதும் எந்திரிக்காதீங்க, நிஜ டீம் அந்த ஒத்த ஷாட்ட எப்படி எடுத்தாங்கன்னு அங்க காட்டுவாங்க, கேமரா புடிச்சவரு நிலமையப் பாருங்க பாவம்.

புடிச்சிருந்தா 2020 லாக்டவுன்ல அதே டீம் அவங்கவங்க வீட்ல இருந்தே எடுத்த ஒரு ஷார்ட் ஃபிலிம் இருக்கு, யூடியூப்ல ஃப்ரீயா விட்டாங்க, சுமார்தான் ஆனா ஆளுங்கள மறுபடி பாக்குறது ஜாலி.

அப்புறம் ஒண்ணு, அந்த முதல் 37 நிமிஷம் முடியுற ஷாட்ல கேமரா மேல தூக்கிப் போயிடும், நட்சத்திர வடிவத்துல ரத்தக் கோடு தெரியும். இவ்ளோ பஞ்சத்துல ஓடுற டீமுக்கு கிரேன் எங்கருந்து வந்துச்சுன்னு கூட இருக்குறவங்கள கேட்டு வைங்க, பதில சொல்லிறாதீங்க.