நாயோடு போய்க் காட்டில் வழி தவறினால்: முதல் நிமிடத்திலிருந்து மறுநாள் காலை வரை

தேனி மாவட்டத்தில் கோம்பை, தேவாரம், போடி பக்கம் மலையடிவாரத்து ஊர்களில் பதினைந்து பதினாறு வயசுப் பிள்ளைகள் நாயைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவதும், காணாமல் போன ஆட்டைத் தேடிப் போவதும் சாதாரண விஷயம். தோட்டத்து வேலி முடிகிற இடத்தில் மலை ஆரம்பித்துவிடும். ஆடு மேலே ஏறிப் போச்சு, நாய் ஒரு முயலை விரட்டிக்கொண்டு ஓடுச்சு, அதைக் கூப்பிட்டுக்கொண்டே பையனும் பின்னால் போனான், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி புதர். இந்தப் பதிவு அந்தப் பையனுக்கும் அவன் தங்கச்சிக்கும்தான்.

வேண்டுமென்றே நாயோடு காட்டுக்குள் சாகசம் போகலாம் என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். எங்கள் மாவட்டத்தின் மேகமலைப் பக்கம் 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. காப்பகத்துக்குள் நாயைக் கொண்டுபோகக் கூடாது, அதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. ஊர் நாய்களிடம் இருக்கும் டிஸ்டெம்பர் கிருமி காட்டு விலங்குகளுக்குத் தொற்றினால் கொத்துக் கொத்தாகச் சாகும். 2018ல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் செத்ததில் அந்தக் கிருமிக்குப் பங்கு இருந்தது. மலை ஏற ஆசை இருந்தால் 2024ல் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ வழியாகப் பதிவு செய்து, வழிகாட்டியோடு, நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

இனி தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களுக்கு. பையன் பத்தாம் வகுப்பு, நாய் கோம்பை இனம், பெயர் மணி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை மட்டும் மனதில் போட்டுக்கொண்டு மேலே படியுங்கள்: மணி உங்களை விட்டுப் போகாது. ராத்திரி முழுக்க உங்களைக் காப்பாற்றப் போவதும் அந்தப் பாசம்தான், கரடியை உங்கள் மேல் கொண்டுவந்து விடப்போவதும் அதே பாசம்தான். ஆகவே எந்த நேரமும் கயிறு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன்

தோட்டத்துக்குத்தானே போகிறோம் என்று வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு விசில், சின்ன டார்ச், பிளாஸ்டிக் பையில் சுற்றிவைத்த தீப்பெட்டி, ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு மீட்டர் கயிறு, கொஞ்சம் கடலைமிட்டாய், மணிக்கு நாலு பொறை. எல்லாம் ஒரு பள்ளிப்பையின் மூலையில் அடங்கிவிடும். உரச்சாக்கின் உள்பை மாதிரி பெரிய பிளாஸ்டிக் உறை ஒன்று கிடைத்தால் மடித்து வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி அதன் அருமை தெரியும். அப்புறம், எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருத்தரிடமாவது சொல்லுங்கள். உங்களை எந்த இடத்திலிருந்து தேட ஆரம்பிப்பது என்பது அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது.

படி 1: உட்காருங்கள், நாயைக் கட்டுங்கள்

வழி தவறிவிட்டது என்று தெரிந்த நிமிடம் கால் தானாக வேகம் எடுக்கும். அதை நிறுத்துங்கள். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து மணியைப் பக்கத்தில் இழுத்து, கழுத்துப் பட்டையில் கயிறைப் போடுங்கள். கயிறு இல்லையென்றால் இடுப்பு பெல்ட், துண்டு, துப்பட்டா, எது இருந்தாலும் சரி. மணிக்கட்டில் சுற்றிக் கட்டாதீர்கள், இருபது கிலோ நாய் திடீரென்று பாய்ந்தால் தோள்பட்டை பிசகிவிடும்; கயிறை இரண்டு மூன்று மடிப்பாக உள்ளங்கையில் வைத்து மூடிப் பிடியுங்கள், தேவைப்பட்டால் உடனே விட முடிய வேண்டும். இரண்டு பேரும் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். மணியின் மூச்சிரைப்பு அடங்கும்வரை எழுந்திருக்காதீர்கள், அதற்குள் உங்கள் மூச்சும் அடங்கியிருக்கும்.

படி 2: போன், விசில்

சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் 112க்கு அடியுங்கள். உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும் அங்கே வேறு கம்பெனி டவர் கிடைத்தால் அவசர அழைப்பு அதன் வழியாகப் போய்விடும். பேச முடியாத இடத்தில் குறுஞ்செய்தி சில சமயம் போகும். டவர் சிக்னல் இல்லாமலும் போனில் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஆகவே இருக்கும் இடத்தின் எண்களை (அட்சரேகை, தீர்க்கரேகை) அப்படியே பார்த்து வீட்டுக்கு அனுப்புங்கள். அதன்பிறகு ஏர்பிளேன் மோடில் போட்டு வையுங்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும்.

விசிலை மூன்று முறை ஊதி, நிறுத்தி, காது கொடுத்துக் கேளுங்கள், மறுபடியும் மூன்று. தொண்டை ஒரு மணி நேரத்தில் கட்டிவிடும், விசில் கட்டாது.

படி 3: மணி வழி காட்டுமா?

இது எல்லோரும் கேட்கும் கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செக் நாட்டில் வேட்டை நாய்களின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்டிக் காட்டில் விட்டுப் பார்த்த ஒரு ஆய்வு 2020ல் வந்தது. பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் நாய்கள் தாங்கள் போன தடத்தையே மோந்துகொண்டு எஜமானிடம் திரும்பியிருக்கின்றன. மற்ற நேரங்களில் பெரும்பாலும் புது வழியில் குறுக்கே வந்தன. அப்படி வந்த நாய்கள் பலவும் கிளம்புவதற்கு முன் சுமார் இருபது மீட்டர் வடக்கு தெற்காக ஓடிப் பார்த்துத் திசையைச் சரிசெய்துகொண்டனவாம். பூமியின் காந்தப்புலத்தை அவை உணர்கின்றன என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

ஆனால் அந்த நாய்கள் திரும்பியது எஜமானிடம். மணியின் எஜமான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதற்கு எங்கேயும் போகவேண்டிய அவசரமே இல்லை. எனவே இப்படிச் செய்து பாருங்கள். கடைசியாக வழி தெரிந்த இடத்தைவிட்டு வந்து அதிக நேரம் ஆகவில்லை, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றால் மட்டும், கயிறை நீளமாக விட்டு, தினமும் தோட்டத்திலிருந்து கிளம்பும்போது என்ன சொல்வீர்களோ அதே குரலில் ‘வீட்டுக்குப் போலாம் வா’ என்று சொல்லுங்கள். மூக்கைத் தரையில் வைத்து ஒரே நேராக, நிதானமாக இழுத்தால் அது வந்த தடம். பின்னால் போங்கள், பத்து இருபது அடிக்கு ஒரு கிளையை ஒடித்துத் தொங்கவிட்டுக்கொண்டே போங்கள். மூக்கு இடமும் வலமும் அலைந்து, வால் விறைத்து, காது முன்னால் குத்தி நின்றால் அது ஏதோ விலங்கின் வாடை. அங்கேயே நிறுத்திவிடுங்கள். அரைமணி நேரத்தில் உங்களுக்குத் தெரிந்த பாறையோ மரமோ வராவிட்டால் ஒடித்த கிளைகளைப் பிடித்துக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பி உட்காருங்கள். நாயை அவிழ்த்துவிட்டு ‘போய் ஆளைக் கூட்டிட்டு வா’ என்பது கதைக்கு நன்றாக இருக்கும். சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை, அவிழ்த்துவிட்ட மணி வீடு சேரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

படி 4: ஐந்து மணிக்கு முன்னால் இடம் பாருங்கள்

நம் பக்கம் சூரியன் மறைந்தால் கொஞ்ச நேரத்திலேயே இருட்டிவிடும், மரத்தடியில் அதற்கும் முன்னால். எங்கே உட்காரக் கூடாது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. ஓடைப் படுகை வேண்டாம், ஐப்பசி கார்த்திகையில் மேலே எங்கோ பெய்த மழை இங்கே காட்டாறாக இறங்கும். தண்ணீர்க் கரையும் வேண்டாம், ராத்திரி எல்லா விலங்கும் அங்கேதான் வரும். யானை லத்தி கிடக்கிற அகலமான தடத்திலிருந்து நன்றாக விலகிவிடுங்கள். குகையும் பாறை இடுக்கும் பார்க்கப் பாதுகாப்பாக இருக்கும், அவை கரடி தங்கும் இடங்கள். முதுகுக்கு ஒரு பெரிய பாறை, முன்னால் கொஞ்சம் வெட்டவெளி, அதுதான் நல்ல இடம்.

மாசியிலிருந்து சித்திரை வரை நெருப்பு மூட்டவே கூடாது. 2018 மார்ச்சில் போடிக்கு மேலே குரங்கணி மலையில் மலையேற வந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கிச் செத்தது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. காய்ந்த புல்லில் தீ சரிவு ஏறும்போது மனுசன் ஓடி ஜெயிக்க முடியாது. எங்காவது தீயைப் பார்த்தால் மேலே ஏறாமல் பக்கவாட்டில் விலகி, வெறும் பாறைக்கோ ஓடைக்கோ ஏற்கெனவே எரிந்து கருகிய தரைக்கோ போங்கள்.

நெருப்பு இல்லாமல் குளிரை எப்படித் தாங்குவது? ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும், மலைமேல் மார்கழி ராத்திரி நடுங்க வைக்கும். இங்கேதான் மணி உங்கள் கணப்பு. நம் உடம்பு 98.6 டிகிரி பாரன்ஹீட் என்றால் நாயின் உடம்பு 101, 102. குச்சியால் தரையைத் தட்டிக் கிளறி, தேள் பூரான் இல்லை என்று பார்த்துவிட்டு, தழையை ஒரு முழம் உயரத்துக்குப் போட்டு அதன்மேல் உட்காருங்கள். தரைதான் சூட்டை அதிகம் உறிஞ்சும். மணி நனைந்திருந்தால் முதலில் சட்டையாலோ தழையாலோ அழுத்தித் துடையுங்கள், ஈர நாயைக் கட்டிக்கொண்டால் இரண்டு பேருக்கும் குளிர்தான். அப்புறம் அதன் முதுகு உங்கள் வயிற்றில் படும்படி அணைத்து, பிளாஸ்டிக் உறையை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போர்த்துங்கள், முகங்கள் இரண்டும் வெளியே இருக்கட்டும். கயிறு உங்கள் தொடைக்கு அடியில் போய்க் கையில் முடியட்டும்.

படி 5: தண்ணீர், சாப்பாடு

சாப்பாடு இல்லாமல் ஒரு நாள் தாராளமாக இருக்கலாம், தெரியாத காய், காளான் எதையும் வாயில் வைக்காதீர்கள். தண்ணீர் வேண்டும். மணி குடிக்கிறதே என்று தேங்கின குட்டையில் நீங்களும் குடிக்காதீர்கள், அதையும் குடிக்க விடாதீர்கள், எலிக்காய்ச்சல் கிருமி அங்கே இருக்கும், அது நாயையும் விடாது. ஓடுகிற ஓடையில் பகலில் மட்டும் போய் எடுத்து வாருங்கள். கொதிக்க வைக்க வழி இல்லையென்றால் வெறும் துணியில் வடிகட்டிக் குடிப்பதில் வயிற்றுப்போக்கு ஆபத்து உண்டுதான், ஆனாலும் கோடையில் தாகத்தில் மயங்கி விழுவதைவிட அது மேல்.

இருபது கிலோ நாய்க்குச் சும்மா இருந்தாலே ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வேண்டும். நமக்கு மாதிரி அதற்கு உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கால்தான் சூட்டை இறக்க வேண்டும். ஈறு கருஞ்சிவப்பாகி, எச்சில் பசைபோல் தொங்கி, கால் தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடை இடுக்கு, பாதம் மூன்றையும் நனைத்து விசிறுங்கள். உங்களிடம் உலர்திராட்சையோ சாக்லேட்டோ இருந்தால் பாசத்தில் அதற்குக் கொடுத்துவிடாதீர்கள், இரண்டும் நாய்க்கு விஷம்.

படி 6: ராத்திரி மணி உறுமினால்

காது இருட்டில் ஒரே பக்கம் நிலைத்து, உடம்பு விறைத்து, தொண்டைக்குள் மெல்ல உறுமும். உங்களுக்கு ஒரு சத்தமும் கேட்டிருக்காது. அந்த நேரம் அது குரைத்துக்கொண்டு பாய்ந்தால், கரடியோ யானையோ அதை விரட்ட, அது பயந்துபோய் உங்களிடமே ஓடிவரும். முன்னால் சொன்ன ஆபத்து இதுதான்.

யானை என்றால் கிளை முறியும் சத்தம் வரும். மணியின் வாயை உள்ளங்கையால் மென்மையாக மூடி அணைத்து, சத்தமில்லாமல் பாறையோடு ஒட்டி இருங்கள், டார்ச் அடிக்காதீர்கள். வாயைத் துணியால் கட்டவே கூடாது, மூச்சிரைக்க முடியாமல் செத்துப்போகும். சிறுத்தை என்றால் நேர்மாறு: எழுந்து நில்லுங்கள், கையைத் தூக்கிக் கத்துங்கள், டார்ச்சை முகத்துக்கு அடியுங்கள், முதுகைக் காட்டி ஓடாதீர்கள், மணியைக் கால்களுக்கு நடுவில் இழுத்துக்கொள்ளுங்கள். கரடியைத் தூரத்தில் பார்த்தால் மெல்லப் பின்வாங்குங்கள். அது பாய்ந்தே விட்டால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முகத்தைத் தரையில் புதைத்துக்கொள்ளுங்கள், கரடி முகத்தைத்தான் குறிவைக்கும்.

விலங்கு உண்மையிலேயே விரட்டிக்கொண்டு வந்துவிட்டால் கயிறை விட்டுவிடுங்கள். எழுதவே மனசு வரவில்லை. ஆனாலும் நாய் உங்களைவிட வேகம், தனியாக ஓடினால் அதற்குத் தப்பிக்க வழி இருக்கிறது, உங்களோடு கட்டுண்டால் இரண்டு பேருக்கும் இல்லை.

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் துணியால் லேசாகக் கட்டி, 112 அல்லது 108. மணியைக் கடித்தால் அதை நடக்க விடாமல் தூக்குங்கள்.

படி 7: காலையில்

விடிந்ததும் வெட்டவெளிக்கு நகர்ந்து, கலர் துணி ஏதாவது இருந்தால் கிளையில் கட்டி, மறுபடியும் விசில். ஆள் சத்தம் கேட்டால் மணி அவர்கள்மேல் பாயப் பார்க்கும், வனத்துறைக்காரர் அதற்கு அந்நியர்தானே, உங்களைக் காக்கிறதாக நினைத்துக்கொள்ளும். கயிறைச் சுருக்கிப் பிடித்து, ‘நாய் இருக்கு, பிடிச்சிருக்கேன்’ என்று முதலில் குரல் கொடுங்கள். இறங்கும்போது பாறையில் புறங்கையை வைத்துப் பாருங்கள், ஐந்து விநாடி தாங்க முடியாத சூடு என்றால் மணியின் பாதம் வெந்துவிடும், நிழல் வழியாகக் கூட்டி வாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்கு, காது மடல், கழுத்துப் பட்டைக்கு அடியில் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று மணியைத் தடவிப் பாருங்கள். மூக்குக்குள் அட்டை ஏறியிருக்கலாம், ஒரு பக்கமாக ரத்தம் வடிந்து தும்மிக்கொண்டே இருந்தால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். விலங்கு எதனிடமாவது மணி கடிபட்டிருந்தால் அதற்கு உடனே வெறிநாய்க்கடி ஊசி. உங்கள்மேல் ஒரு சின்னப் பல் கீறல் இருந்தாலும் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி இலவசம்தான்.

ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்டது மாதிரி கறுப்புப் பொருக்கு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக்காய்ச்சலின் (ஸ்க்ரப் டைபஸ்) அடையாளம் அது, சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே சரியாகும். பொருக்கு இல்லாமலும் வரும், அதனால் டாக்டரிடம் போனதும் அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் ‘காட்டில் ராத்திரி தழையில் படுத்திருந்தேன், நாயும் கூட இருந்தது’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.