பள்ளி பஸ்ஸில் பெல்ட் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், ஏறிப் பாருங்கள்

அட்மிஷன் நேரத்தில் "பஸ்ல சீட் பெல்ட் இருக்கா சார்?" என்று கேட்கிறோம், "இருக்கும்மா" என்றதும் நிம்மதியாக வந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் வந்தேன். ஒரு மாதம் கழித்து மதுரை ஒத்தக்கடை நிறுத்தத்தில் மகளை ஏற்றிவிடும்போது உள்ளே ஏறிப் பார்த்தால், பெல்ட் எல்லாம் சீட் இடுக்கில் செருகிக் கிடந்தது. அவள் சீட்டில் இருந்ததை உருவி மாட்டினால் மாட்டவில்லை, கொக்கி போகும் துளைக்குள் கடலைமிட்டாய்ப் பாகு இறுகிப் போயிருந்தது.

அதனால் பிள்ளை தினமும் உட்காரும் சீட்டில் நீங்களே பெல்ட்டை மாட்டி, வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்து, பொத்தானை அழுத்திக் கழற்றிப் பாருங்கள்.

மாட்டும் விதம் முக்கியம். இடுப்புப் பெல்ட் மட்டும் இருந்தால், அது வயிற்றுக்கு மேல் வரக் கூடாது. தொடை தொடங்கும் இடத்தில், இடுப்பு எலும்பின் மேல் தாழ்வாகப் படிய வேண்டும், ஏனென்றால் வயிற்றில் கிடக்கும் பெல்ட் திடீர் பிரேக்கில் குடலையும் முதுகெலும்பையும் பதம் பார்த்துவிடும். தோள்பட்டையும் உள்ள பெல்ட் இதைவிட நல்லது, ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு அது கழுத்தில் உரசுகிறதா என்று பாருங்கள். ஒரு பெல்ட்டுக்குள் இரண்டு பேர் வேண்டவே வேண்டாம். புத்தகப் பையை மடியில் வைத்து அதன் மேல் பெல்ட் போடுவதும் கூடாது, பை சீட்டுக்கு அடியில் போகட்டும். அப்புறம், கழற்றத் தெரியாத பிள்ளைக்கு மாட்ட மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். மழைக்காலத்தில் ரயில்வே சுரங்கப்பாதைத் தண்ணீரில் பஸ் சிக்கினால் தானே கழற்றி எழ வேண்டும். யாராவது உறவினர் காரில் பத்துத் தடவை பழக்குங்கள்.

பெல்ட் இல்லாத பஸ் என்றால்? அமெரிக்காவில் 1977 முதல் பெரிய பள்ளி பஸ்களில் சீட்டின் முதுகை உயரமாக, மெத்தை வைத்து, நெருக்கமாகப் போடுகிறார்கள். நேராக மோதினால் பிள்ளை முன்சீட்டு மெத்தையில் போய்ச் சாயும். பஸ் கவிழ்ந்தாலோ பக்கவாட்டில் இடி வாங்கினாலோ அது காப்பாற்றாது, அதனால்தான் அங்கேயே பெல்ட் கேட்கிறார்கள். நம் ஊர் பஸ்களில் பலவற்றில் முன்சீட்டின் மேல் வெறும் இரும்புக் கம்பி ஓடுகிறது, சரியாகப் பிள்ளையின் பல்லுக்கு நேராக. அதில் ரப்பரோ மெத்தையோ சுற்றச் சொல்லுங்கள். பிள்ளை நிற்காமல், முதுகை ஒட்டி, முன்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். ஆளுக்கொரு சீட் இல்லாத பஸ்ஸில் பெல்ட்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை, முதலில் சீட்டைக் கேளுங்கள்.

தரையையும் பாருங்கள். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் ஒரு சிறுமி பஸ் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. 2022இல் சென்னையில் இன்னொரு சிறுவன் பள்ளி வேன் மோதி இறந்த பிறகு, முன்னும் பின்னும் கேமராவும், கூடவே சென்சாரும் கட்டாயமாயின.

பஸ்ஸுக்கு வெளியே உள்ள ஆபத்துக்குப் பெல்ட் ஒன்றும் செய்யாது. இறங்கியதும் பஸ்ஸை விட்டுப் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். கீழே எது விழுந்தாலும், தண்ணீர் பாட்டிலோ பென்சில் டப்பாவோ, குனிந்து எடுக்கக் கூடாது, டிரைவர் அண்ணனிடம் சொல்ல வேண்டும். பஸ்ஸுக்கு முன்னாலோ பின்னாலோ ரோட்டைக் கடக்கவே கூடாது. மேலூர் ரோடு மாதிரி நாலு வழிச்சாலையில் நிறுத்தம் எதிர்ப்பக்கம் இருந்தால் நீங்கள் அந்தப் பக்கம் போய் நில்லுங்கள், பிள்ளையைத் தனியாகக் கடக்க விடாதீர்கள்.

மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் பஸ் எண்ணைப் போட்டால் எஃப்.சி.யும் (தகுதிச் சான்று) இன்சூரன்ஸும் எதுவரை என்று வந்துவிடும், இரண்டு நிமிட வேலை. குறை இருந்தால் வாயால் சொல்லாதீர்கள். பஸ் எண், எத்தனையாவது வரிசை, என்ன பழுது என்று தேதி போட்டு எழுதி, இன்னும் நாலு பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். நான் தனியாக இரண்டு முறை சொன்னபோது நடக்காதது, ஒன்பது கையெழுத்தோடு போன தாளுக்கு நடந்தது; அடுத்த வாரமே மகளின் சீட்டில் புதுக் கொக்கி இருந்தது.