மார்ட்டினி போலவே இருக்கும் துப்பாக்கி: ஊர் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய ராணுவத் துப்பாக்கி கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது முத்திரையைத்தான். லேத் பட்டறையிலேயே காலத்தைத் தள்ளியவன் நான். முத்திரையை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், உள்ளே இருக்கிற ஸ்பிரிங் பொய் சொல்லாது என்பது என் கட்சி.

இங்கிலாந்தில் ஏலத்தில் எடுத்த ஒன்றை வைத்தே சொல்கிறேன். சீட்டில் 'மார்ட்டினி-ஹென்றி நகல், 1945' என்று இருந்தது. மார்ட்டினி-ஹென்றி என்பது பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய துப்பாக்கி. இரண்டுமே சரியில்லை.

முதலில் லீவரைக் கீழே இறக்கி, குண்டு போடும் அறை காலியா என்று பாருங்கள். வாய்ப்பக்கம் ஒரு குச்சியை விட்டுக் குழலிலும் அடைப்பில்லை என்று உறுதி செய்யுங்கள். அப்புறம் சுத்தம். பல வருட கிரீஸ் கறுத்து இறுகிப் போயிருக்கும். மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். கம்பி பிரஷ், உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள். துருவோடு எழுத்தும் போய்விடும். சுத்தம் ஆனதும் முகத்துக்குப் போடும் பவுடரைக் கொஞ்சம் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்தெல்லாம் எழும்பி வரும்.

பிரிட்டிஷ் ராணுவம் 1871-இல் ஏற்றுக்கொண்ட அசல் மார்ட்டினி-ஹென்றி என்றால், வலப்பக்கம் கிரீடம், அதன் கீழே விக்டோரியா ராணியின் 'வி.ஆர்.', தயாரித்த இடம், வருடம் எல்லாம் வரிசையாக இருக்கும். ஆனால் இதே முத்திரைகளைப் பெஷாவர் பக்கத்து தர்ரா ஆதம் கேல் பட்டறைகளிலும் அடித்தார்கள். 'என்ஃபீல்டு' என்ற சொல்லில் ஆங்கில 'N' எழுத்து திரும்பி நின்றாலோ, 'வி.ஆர்.' கீழே 1901-க்குப் பிந்திய வருடம் இருந்தாலோ சந்தேகமே வேண்டாம். ராணி இறந்தது 1901 ஜனவரியில்.

என்னுடையதில் கிரீடமே இல்லை, தேவநாகரி எழுத்து. அதனால் பிளாக்கை, அதாவது குழலின் பின்வாயை மூடும் இரும்புக் கட்டையை, கழற்றினேன். (பழக்கமில்லாதவர்கள் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள், பின்னை முரட்டுத்தனமாகத் தட்டினால் விளிம்பு நசுங்கும்.) அசல் மார்ட்டினியில் பிளாக்குக்குள்ளேயே சுருள் ஸ்பிரிங் இருந்து ஊசியைத் தள்ளும். இதிலோ பட்டை ஸ்பிரிங், அது உள்ளுக்குள் ஒரு சுத்தியலை அடிக்கிறது. இங்கிலாந்துத் துப்பாக்கிக் கம்பெனியான வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் பழைய யோசனை இது. அதை எடுத்து நேபாளத்தில் உள்ளூரிலேயே செய்தார்கள். ஜெனரல் கஹேந்திர ஷம்ஷேர் பெயரால் இதைக் கஹேந்திரா என்பார்கள். அரம் போட்ட தடம் பாகத்துக்குப் பாகம் வேறு வேறு கோணத்தில் ஓடுகிறது. அத்தனையும் கைவேலை! ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றில் உட்காரும் என்று நம்ப முடியாது. பிரிட்டிஷ் மார்ட்டினியின் இரண்டாவது வடிவமான மார்க் 2-ஐ ஒட்டி நேபாளமே செய்த துப்பாக்கியும் உண்டு என்பதால், தேவநாகரியைப் பார்த்ததுமே கஹேந்திரா என்று முடிவு கட்டக் கூடாது.

இனி அந்த 1945. தேவநாகரியில் இருந்த நான்கு இலக்கத்தை ஏலக்காரர்கள் யாரிடமோ கேட்டுச் சரியாகத்தான் வாசித்திருக்கிறார்கள். ஆனால் அது நேபாளத்தில் வழங்கும் விக்ரம் சம்வத் ஆண்டுக் கணக்கு. 57-ஐக் கழித்தால் 1888. புத்தாண்டு ஏப்ரல் நடுவில் பிறப்பதால், அந்த வருடத்தின் கடைசி மாதங்கள் 1889-இல் விழும். நேபாளத்தில் 5, 8 எழுதுகிற வடிவம் இந்தியில் பழகியதிலிருந்து மாறும். இந்தி தெரிந்த நண்பரைவிட நேபாளி நண்பரைக் கேட்பது நல்லது.

எப்படி வெளியே வந்தது என்றும் தேட வேண்டும். காத்மாண்டுவின் லகன் சிலேகானா அரண்மனைக் கிடங்கில் கிடந்த பழைய ஆயுதங்களை 2003 வாக்கில் அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கினார்கள். சந்தையில் உள்ள கஹேந்திராக்களில் பெரும்பாலானவை அந்த வழி வந்தவைதான், ஆகவே பழைய ரசீதை விற்பவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காகித ஆதாரத்துக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களைப் பாருங்கள். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்திலும் தேடலாம். அங்கே துப்பாக்கி பெயரைப் போடுவதைவிட, நேபாளம், ஆயுதம், 1880-கள் என்று தேடினால் வெளியுறவுத் துறைக் கோப்புகள் பக்கம் போகலாம்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒன்று: 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான் விலக்கு தருகிறது. தாத்தா காலத்தது என்பது மட்டும் போதாது. வாங்குவதற்கு முன்பே வக்கீலிடம் கேளுங்கள்.

தோட்டா கிடைத்தாலும் கஹேந்திராவைச் சுட்டுப் பார்க்காதீர்கள். அந்தக் கைவேலைப் பிளாக் எவ்வளவு தாங்கும் என்பதை வெளியே பார்த்துச் சொல்ல வழியில்லை.