ஹோஸ்ட் ஆன்-டிமாண்ட் மேக்ரோவ கையால எடிட் பண்றப்போ எக்ஸ்எம்எல் எங்கெல்லாம் உதைக்கும்

மெயின்ஃப்ரேம்ல (பெரிய நிறுவனங்க வச்சிருக்க பெரிய கம்ப்யூட்டர்) தினமும் லாகின் பண்ணி அதே நாலு மெனுவ தட்டிட்டு இருக்கவங்களுக்கு இது. ஐபிஎம் ஹோஸ்ட் ஆன்-டிமாண்ட்ல (மெயின்ஃப்ரேம் திரைய நம்ம கம்ப்யூட்டர்ல காட்டற சாஃப்ட்வேர்) மேக்ரோ, அதாவது நாம தட்டறத பதிஞ்சு வச்சு தானா திருப்பித் தட்டறது, ரெக்கார்ட் பண்ணத் தெரியும்னு வச்சுக்கறேன். அந்த மேக்ரோ எக்ஸ்எம்எல்லாத்தான் இருக்கும், அதாவது கோண அடைப்புக்குறிக்குள்ள பேர் (டேக்) போட்டு எழுதற வடிவம். டேக் பேரெல்லாம் இங்க தமிழ்ல எழுதறேன், நீங்க டைப் பண்றப்போ இங்கிலீஷ் எழுத்துல போடுங்க.

1. ஒண்ணுமில்லாம கையால எழுத ஆரம்பிக்காதீங்க. ரெண்டு திரைய ரெக்கார்ட் பண்ணிட்டு கோட் எடிட்டர்ல திறங்க. வெளில ஹெச்ஏஸ்கிரிப்ட்னு ஒரே ஒரு டேக், அதுக்குள்ள திரைக்கு ஒரு ஸ்கிரீன் டேக், அது ஒவ்வொண்ணுக்குள்ளயும் டிஸ்கிரிப்ஷன் (இது எந்த திரைன்னு கண்டுபிடிக்க), ஆக்‌ஷன்ஸ் (என்ன தட்டணும்), நெக்ஸ்ட்ஸ்கிரீன்ஸ் (அடுத்து எது வரலாம்).

2. திறந்த டேக்க மூடணும், கடைசியா திறந்தத முதல்ல மூடணும். உள்ள எதுவும் இல்லாத டேக்னா கடைசில /> போட்டா போதும்.

3. கோட்ஸ், அதாவது மேற்கோள் குறிங்க. எல்லாரும் மாட்டறது இங்கதான், கொஞ்சம் நிதானமா பாருங்க.

<இன்புட் வேல்யூ="'லாகான் டிஎஸ்ஓ[என்டர்]'" ரோ="0" கால்="0" />

வெளில இருக்க டபுள் கோட் எக்ஸ்எம்எல்லோடது, எந்த ஆட்ரிபியூட்டா (டேக்குக்குள்ள ஈக்வல் போட்டு குடுக்கற விவரம்) இருந்தாலும் கோட் இல்லாம நடக்காது, நம்பரா இருந்தாலும் சரி. உள்ள இருக்க சிங்கிள் கோட் மேக்ரோவோடது, அட்வான்ஸ்டு ஃபார்மட்ல (வேரியபிளெல்லாம் பயன்படுத்த விடற மேக்ரோ வடிவம்) ஸ்ட்ரிங்னா, அதாவது அப்படியே போற எழுத்துன்னா, அது வேணும், வேரியபிள்னா (மதிப்ப சேத்து வைக்கற பேர்) வேண்டாம், ரெண்டு பக்கமும் டாலர் குறி போதும். இப்போ டிஎஸ்ஓல (மெயின்ஃப்ரேம்ல கமாண்ட் தட்டற இடம்) முழு டேட்டாசெட் (மெயின்ஃப்ரேம் ஃபைல்) பேர் குடுக்கணும்னா அதுக்கே ஒரு சிங்கிள் கோட் இருக்கே, என்ன பண்றது? முன்னாடி பேக்ஸ்லாஷ்:

வேல்யூ="'லிஸ்ட்டிஎஸ் \'சிஸ்1.ப்ராக்லிப்\'[என்டர்]'"

பேக்ஸ்லாஷே வேணும்னா ரெண்டு பேக்ஸ்லாஷ்.

4. இஃப் கண்டிஷன்ல < குறியையும் & குறியையும் அப்படியே எழுதாதீங்க, எக்ஸ்எம்எல் ரூல்படி ஆட்ரிபியூட்டுக்குள்ள ரெண்டுமே வரக்கூடாது. & வேணும்னா, & போட்டு ஏ, எம், பி எழுதி செமிகோலன். < வேணும்னா, & போட்டு எல், டி எழுதி செமிகோலன். "அண்ட்" கண்டிஷனுக்கு && வேணும்ல, அதனால அந்த முழு கூத்தையும் ரெண்டு தடவ எழுதணும், பாக்க கண்றாவியாத்தான் இருக்கும். > குறிக்கு இந்த தொல்லை இல்ல, அதனால நான் முடிஞ்ச வரைக்கும் கண்டிஷன திருப்பிப் போட்டு > வச்சே எழுதிடுவேன்.

5. வேர்ட்ல ஒட்டி எடிட் பண்ணவே பண்ணாதீங்க, நேரா இருக்க மேற்கோள் குறிய வளைஞ்சதா மாத்திடும், கண்ணுக்கும் சட்டுனு தெரியாது. நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் போதும். முடிச்சதும் ஒரு காப்பிய எக்ஸ்எம்எல் எக்ஸ்டென்ஷன்ல சேவ் பண்ணி ஃபயர்ஃபாக்ஸ்ல இழுத்து விடுங்க, எந்த லைன்ல, எத்தனாவது எழுத்துல தப்புன்னு மூஞ்சிலயே சொல்லிடும். ஆனா நெக்ஸ்ட்ஸ்கிரீன்ல குடுத்த பேரும் அந்த ஸ்கிரீனோட பேரும் ஒத்துப்போகலன்னா அது சொல்லாது, அத நீங்கதான் பாக்கணும்.

அப்டேட்: "கமெண்ட் போட்டதுக்கே எர்ரர் வருது"ன்னு ஒருத்தர் கேட்டார். கோபால்ங்கற ப்ரோகிராமிங் மொழி எழுதற பழக்கத்துல கமெண்டுக்குள்ள ------ன்னு கோடு இழுத்திருந்தார். எக்ஸ்எம்எல் கமெண்டுக்குள்ள ரெண்டு ஹைஃபன் சேர்ந்து வரக்கூடாது. ஈக்வல் குறியால கோடு போட்டுக்கோங்க.

இன்னொண்ணு, அவர் அனுப்பின ஃபைல்ல பாஸ்வேர்டு இன்புட் டேக்ல பச்சையா கெடந்துச்சு. அந்த இடத்துல ப்ராம்ப்ட் டேக் வச்சு, என்கிரிப்டட்="ட்ரூ" போட்டுட்டு அப்புறம் யாருக்கு வேணா அனுப்புங்க.