கேஸ் குழாயை ஒட்டி பிளக் பாயிண்ட் வேண்டாம்

மும்பையில் செம்பூர், மாட்டுங்கா பக்கம் நம்மவர்கள் வீடுகளில் அடுக்களை சின்னது. பைப் கேஸ் குழாயும் மிக்ஸி பிளக் பாயிண்டும் ஒட்டிக்கொண்டு நிற்பதை நிறைய பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே சிறு பொறி தெறிக்கும். கசிவு இருந்தால் அதுவே போதும்.

பிரிட்டனின் பி.எஸ். 6891 தரவிதிப்படி கரண்ட் மீட்டர், சுவிட்ச், பிளக் பாயிண்டிலிருந்து குழாய் குறைந்தது 150 மி.மீ., வயரிலிருந்து 25 மி.மீ. தள்ளி இருக்கவேண்டும். ஒரு சாண் இடைவெளி விட்டால் தாராளம். குழாயைத் தொடாமல் பிளக் பாயிண்டை நகர்த்தச் சொல்லுங்கள், அதுதான் சுலபம். குழாயை மாற்றியே ஆகவேண்டுமென்றால் கேஸ் கம்பெனி ஆள்தான் செய்யவேண்டும். எர்த் வயரைக் குழாயில் கட்டவே கூடாது.

இன்னொன்று: பைப் கேஸ் காற்றைவிட லேசு, கூரைப் பக்கம் தேங்கும். சிலிண்டர் கேஸ் கனமானது, தரையில் படியும். அதனால் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் தரையோரம் உள்ள பிளக்கையும் கவனியுங்கள். வாடை வந்தால் எக்ஸாஸ்ட் ஃபேனைக்கூடப் போடாதீர்கள். வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே போய் கேஸ் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள்.